வேணு குளித்துக் கரைந்த வரலாறு

மல்லாட்டை மண்டி வேணுவைக் கடைசியாக எடை பார்த்தது 2003ஆம் வருடம் சித்திரை மாதம், திருவண்ணாமலையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் குழந்தைத் தராசில். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். அவருக்கு முன்னால் அதே தராசில் படுத்திருந்த பேத்தி அவரைவிட நூறு கிராம் கூடுதல். அந்த வாரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலை ஏறியிருந்தது, தண்ணீர் லாரிக்காரர்களும் ஏற்றியிருந்தார்கள், வேணு மட்டும்தான் ஊரில் குறைந்துகொண்டு வந்த சரக்கு. அறுபது வயதைத் தாண்டிய, சொந்த மண்டி வைத்திருந்த, கண்டால் சொந்தக்காரர்கள் எழுந்து நின்ற ஒரு மனிதர் அந்த அளவுக்கு வந்ததற்கு வியாதி காரணமில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. குளித்துக் குளித்துத் தேய்ந்தார். குளியலறை மாடத்தில் சோப்புக்கட்டி தேய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே கதைதான், சோப்புக்குத் திமிர் கிடையாது என்பதைத் தவிர.

வேணுவின் பூர்வீகம் கீழ்பென்னாத்தூர். அய்யங்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டி, கடைத்தெருவில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டி வாசலில் ஒரு பித்தளைக் குவளையில் தண்ணீர் வைத்திருப்பார். மூட்டை தூக்குகிறவர்கள் நீட்டும் மீதிச் சில்லறையை அதில் போடச்சொல்லி, பிறகு எடுத்துக்கொள்வார். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது ஊரே மிட்டாய் தின்றது, வேணு முகம் சுளித்தார். மாவட்டம் என்றால் ஆபீஸ் வரும், ஆபீஸ் என்றால் ஆட்கள் வருவார்கள், யார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து வெளியே போய்விட்டு வந்தால் ஒரு குளியல், பஸ்ஸில் யார் தோளாவது பட்டால் இன்னொரு குளியல் என்று ஆரம்பித்தார். அதுவும் சாதாரணக் குளியல் இல்லை. செப்பு அண்டாவில் தளதளவென்று கொதித்த தண்ணீரில் பேருக்கு ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் விளாவி, உடம்பு முழுக்கச் சிவப்புச் சோப்பைப் போட்டு, பீர்க்கங்கூட்டில் செங்கல் தூளைத் தொட்டுக்கொண்டு பாத்திரம் துலக்குவதுபோலத் துலக்கிக்கொள்வார். வேர்வையும் புழுதியும் போகத்தான் மற்றவர்கள் குளித்தார்கள். வேணு மனிதர்களைக் கழுவிவிடக் குளித்தார்.

அவருக்கு ஒரே மகள் அன்புச்செல்வி. மண்டியில் மூட்டை தூக்கும் சுப்பனின் மகன் மாறனோடு ஒரே கல்லூரியில் படித்தாள். மாறனுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை கிடைத்ததும், 1992இல் இருவரும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு வேங்கிக்காலில் வீடு பிடித்தார்கள். சேதி வந்தபோது வேணு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கொல்லைக் கிணற்றடிக்குப் போய், சாவுச் சேதி கேட்டவர்கள் செய்வதுபோல உடுத்திய வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். உயிரோடு இருக்கிற மகளுக்குச் சாவு முழுக்கு. அவருடைய தம்பி அப்பாதுரையும் பங்காளிகளும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து வரிசையாக நின்று முழுகினார்கள், பிறகு பஜ்ஜி சாப்பிட்டார்கள். வேணுவின் மனைவி கஸ்தூரி மட்டும் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வர மறுத்தாள். வேணு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து அவள் தலையில் அங்கேயே கவிழ்த்தார்.

"அவ செத்துட்டா. நீயும் முழுகிட்ட. அவ்ளோதான்," என்றார்.

கூடத்தில் தேங்கிய தண்ணீரையும் கஸ்தூரிதான் துடைத்தாள். தன் குழந்தைக்காகத் தன் தலையில் சாவுத்தண்ணீர் விழுந்ததை அவள் மறக்கவில்லை. மறப்பாள் என்று நினைத்த அத்தனை ஆண்களும் முட்டாள்கள்.

வேணு தேய ஆரம்பித்தது அந்த முழுக்கிலிருந்துதான். முதலில் உள்ளங்கை ரேகைகள் போயின. பிறகு அம்மைத் தழும்பு, கழுத்து மச்சம், தொப்புள். காதுமடல்கள் வழவழவென்று ஆனபோது அவருக்கே பெருமையாக இருந்தது, அவ்வளவு சுத்தம் என்று. அப்புறம் உயரம் இறங்கியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வரும் கூட்டம் அந்த வருடங்களில்தான் ஊர் கொள்ளாமல் பெருகியது. ஒரு பௌர்ணமியன்று மண்டியிலிருந்து வீட்டுக்கு நடந்தவர் நூறு தோள்களில் இடிபட்டு, விடியும்வரை குளித்து, அரை அடி இழந்தார். மறுநாள் செருப்பு வாங்கச் சின்னப் பையன்கள் அலமாரிக்கு எதிரே நின்றார். கொஞ்ச நாளில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் அவரிடம் அரை டிக்கெட் கேட்டார். வேணு மறுக்கவில்லை. மிச்சமான காசை வீட்டுக்கு வந்து கழுவி வைத்துக்கொண்டார்.

சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்களை விட்டுவிடக் கூடாது. மண்டியும் கீழ்பென்னாத்தூர்க் கிணறும் வேணு பெயரில் இருந்ததால், அவர் இடுப்பளவுக்கு வந்தபோதும் அண்ணாந்து பார்க்கிற பாவனையிலேயே பேசினார்கள். குலசாமி கோயிலில் அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள், அது முழங்கால்வரை சுற்றி வந்தது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. 1996 தேர்தலுக்கு அப்பாதுரை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். விரலில் மை வைத்தவர் யாரோ எவரோ. வேணு வீட்டுக்கு வந்து அந்த விரலைச் செங்கல் தூளால் தேய்த்தார். அழியாத மை என்று அரசாங்கம் சொன்னது நிஜம்தான். மை அழியவில்லை, விரல் போய்விட்டது. இவ்வளவுக்கும் குரல் மட்டும் கரையவே இல்லை. பூசணிக்காய் அளவு உடம்பிலிருந்தும் முழு மண்டிக்காரரின் அதட்டல் வந்துகொண்டிருந்தது.

கரைந்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்கலாம். வேணு வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கொல்லைச் சுவரின் ஓட்டை வழியே சாக்கடையில் விழுந்து, கடைத்தெருவைத் தாண்டி, சுப்பன் குடியிருந்த தெருவோரமாக ஓடியது. அங்கே வெள்ளையாக ஒரு வண்டல் படிந்தது. நாறவில்லை, சிவப்புச் சோப்பு வாசனைதான். சாக்கடை அள்ளும் ஆட்கள் அதை வாரிக் கரையில் போட, சுப்பனும் அக்கம்பக்கத்தாரும் தெருவிலிருந்த பள்ளங்களை அதைக் கொண்டே தூர்த்தார்கள். மழைக்காலத்தில் சேறாகிக் கிடந்த தெரு கெட்டியானது. பிள்ளைகள் அதன்மேல் கோலி விளையாடினார்கள், பன்றிகள் படுத்தன. எடைக்கணக்கில் பார்த்தால் 1998வாக்கில் வேணுவின் பெரும்பகுதி சுப்பன் தெருவில்தான் குடியிருந்தது. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் குளித்திருப்பார்.

அந்த வருடம் கஸ்தூரி அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு அருணாதேவி என்ற தோல் டாக்டரிடம் போனாள். டாக்டர் இதைப்போலப் பார்த்ததில்லை என்றாலும் அலட்டிக்கொள்ளாமல் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தினம் ஒரு தடவை போதும்ங்க. வெதுவெதுன்னு தண்ணி, பத்து நிமிஷம், அதுக்கு மேல வேணாம். அக்குள், இடுக்கு, பாதம், இங்கல்லாம் மட்டும் சோப்பு போடுங்க. செங்கல் தூளைத் தூக்கிப் போட்டுடுங்க. துண்டால அழுத்தித் தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள தேங்காண்ணெய் தடவுங்க. தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசை மொத்தமும் போயிடுச்சு, அதான் இப்படி."

வேணு கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

"திருவண்ணாமலைதான்."

"அது சரி. பூர்வீகம்?"

டாக்டர் கஸ்தூரியிடம் திரும்பினார். "இனிமே இவரைத் தனியா குளிக்க விடாதீங்கம்மா. கைக்குழந்தை மாதிரிதான். முழங்கையை வெச்சு சூடு பாருங்க. கொதிக்கற தண்ணிய எட்டற எடத்துல வெக்காதீங்க. மேல வெச்ச கைய, யார் கூப்பிட்டாலும், எது கொட்டினாலும் எடுக்காதீங்க." பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும், டாக்டர் தொட்ட மணிக்கட்டை வேணு கழுவிய கழுவலில் அந்தக் கையே பாதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவரைக் குளிப்பாட்டுவது கஸ்தூரி வேலையானது. அவள் டாக்டர் சொன்னபடிதான் செய்தாள், முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள், கழுத்துக்குக் கீழே கை கொடுத்துப் பிடித்தாள். வேணு "சூடு பத்தல, சூடு பத்தல" என்று கத்தி, அவள் அசந்த நேரத்தில் தானே சோப்பை எடுத்துத் தேய்த்துக்கொள்வார். அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று. மகளைத் தொட வேண்டும். பஸ் நிலையத்தில் எதிர்ப்பக்கம் நின்று இரண்டு முறை பார்த்திருக்கிறாள், கிட்டே போகவில்லை. போனால் இந்த வீட்டுப் படியேற முடியாது என்று வேணு சொல்லியிருந்தார். அன்புச்செல்விக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் குழந்தையில்லை. நாங்கள் முழுகிய முழுக்கு பலித்துவிட்டது என்று பங்காளிகள் கல்யாண வீடுகளில் பாயசம் குடித்துக்கொண்டே பேசினார்கள். அந்த வாய்களைச் சிவப்புச் சோப்பு போட்டுக் கழுவ யாரும் முன்வரவில்லை.

2003 பங்குனியில் போன் வந்தது. ரிசீவரை எடுத்த கஸ்தூரிக்கு, அவ்வளவு வருடத்துக்கு அப்புறமும் அது யார் குரல் என்று உடனே தெரிந்தது.

"அம்மா, எனக்கு அடுத்த மாசம் டெலிவரி. அவருக்கும் அம்மா இல்ல. நீ வரலைனா எனக்கு யாருமே இல்லமா."

கஸ்தூரி போனை வைத்துவிட்டு, "நான் போறேன்," என்றாள். அலமாரியின் கீழ்த்தட்டில் துண்டுமேல் உட்கார்ந்திருந்த வேணு அதட்டினார்.

"இன்னாடி சொன்ன? போனீன்னா உனக்கும் சேத்துத் தலைமுழுகிடுவேன்."

கஸ்தூரி மாற்றுப்புடவையை மடித்தாள். "யாருங்க தண்ணி ஊத்துவாங்க?" என்றாள்.

அவரைத் தனியே விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை, அது அவள் குணம், அவருடைய தகுதி அல்ல. ஒயர்க்கூடையில் பழைய துணியை விரித்து, அவரைப் படுக்கவைத்து, மேலே துண்டைப் போர்த்தி வேங்கிக்காலுக்கு பஸ் ஏறினாள். கண்டக்டர் கூடைக்கு டிக்கெட் கேட்கவில்லை. வழியெல்லாம் துண்டுக்குள்ளிருந்து, பக்கத்து சீட்டில் யார், எந்தத் தெரு என்று குரல் விசாரித்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரை எடை போட்டதும் அந்தக் கூடையால் வந்த வினைதான். கட்டிலோரத்தில் துணி சுற்றிக் கிடந்தவரை அடுத்த குழந்தை என்று எடுத்துத் தராசில் வைத்துவிட்டாள். "என் மேல கை வைக்காத, நீ யாரு ஜனம்?" என்று தராசு கத்தியபோது, "ஓ, பெரியவரா," என்று திரும்பக் கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அன்று நான்கு பிரசவம், ஆச்சரியப்பட நேரமில்லை. அன்புச்செல்வி அப்பாவைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி மகளின் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தாள். குழந்தைக்குக் கவிநிலா என்று பெயர் வைத்தார்கள்.

வேங்கிக்கால் வீட்டில் அந்தக் கோடையில் போர் வற்றிவிட்டது. லாரித் தண்ணீர்தான், அதுவும் நினைத்த நாளில் வராது. தொப்புள்கொடி விழும்வரை கஸ்தூரி குழந்தையை நனைத்த துணியால் துடைத்து மட்டும் எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் வந்து, மூக்கில் எண்ணெய் விடு, வாயால் ஊதிச் சளி எடு, மூக்கைப் பிடித்து நீவு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கஸ்தூரி ஒன்றையும் செய்யவில்லை. சொல்கிறவர்கள் வீட்டுக் குழந்தைகள் தப்பிப் பிழைத்தது அந்தக் குழந்தைகளின் சாமர்த்தியம். கூடத்தில் இருந்த கூடையிலிருந்து வேணுவும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார், இது அசுத்த வீடு, வெந்நீர் கொண்டா என்று. அவருக்கும் துணியால் துடைப்புதான் கிடைத்தது. அந்த நாட்களில் அவர் தேயவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

கொடி விழுந்த மறுநாள் காலை கவிநிலாவுக்கு முதல் குளியல். அன்புச்செல்வி உள்ளே படுத்திருந்தாள், மாறன் லாரி தேடிப் போயிருந்தான். கஸ்தூரி அலுமினியக் குண்டானில் வெந்நீரைக் காய்ச்சி இறக்கி, பக்கெட்டில் கொஞ்சம் விளாவிக்கொண்டு, மிச்சத்தைக் குண்டானோடு குளியலறைக்கு வெளியே தரையில் வைத்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். கூடைக்குப் பக்கத்துப் பாயில் கிடந்த குழந்தையை எடுக்கப் போனபோது, அதன் கை கூடைக்குள் போய் வேணுவின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிறந்த குழந்தைகள் எதையும் பிடிக்கும், விரலைப் பிடிக்கும், துணியைப் பிடிக்கும், ஆள் பார்க்காது. வேணு அலறினார்.

"தொட்டுடுச்சு! சுப்பன் பேத்தி என்னத் தொட்டுடுச்சு! மொதல்ல எனக்குத் தண்ணி ஊத்து!"

"உங்க பேத்தியும்தான். குழந்தைக்கு அப்பறம்தாங்க," என்று கஸ்தூரி குழந்தையின் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைக் கால்மேல் படுக்கப்போட்டாள். முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்துமடிப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று மெதுவாகச் சோப்பை வழித்தபோது, வெளியே கூடை கவிழும் சத்தம் கேட்டது. தரையில் ஏதோ வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சோப்புப் பெட்டி உருண்டது. பிறகு குண்டானில் தொப்பென்று ஒரு சத்தம். கஸ்தூரிக்கு என்ன நடக்கிறதென்று நன்றாகத் தெரிந்தது. எழுந்தால் இரண்டே எட்டு. கால்மேல் கவிநிலா சோப்பு நுரையோடு விரால் மீனாக வழுக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பக்கெட் நிறையத் தண்ணீர். கஸ்தூரியின் கை குழந்தையின் கழுத்துக்குக் கீழே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"ஏங்க, வெளிய வந்துடுங்க," என்று மட்டும் கத்தினாள்.

"சூடு பத்தல," என்று குரல் வந்தது. தேய்க்கிற சத்தமும் வந்தது.

அவள் நுரையைக் கழுவி, குழந்தையைத் துண்டில் சுற்றி, தலையை ஒத்தி, மடிப்புகளில் ஈரமெடுத்து, அன்புச்செல்வி பக்கத்தில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தபோது குண்டானில் வெள்ளை நுரை மட்டும் இருந்தது. கைவிட்டுத் துழாவினாள், விரல் சுட்டது, வேறொன்றும் தட்டுப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் காய வை," என்று நுரை சொன்னது. அதன் பிறகு பேசவில்லை. கஸ்தூரி அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். முப்பத்தைந்து வருடம் ஒருவனுக்குச் சோறு போட்டவளுக்கு அழுகை வரத்தான் செய்யும், அதை அவருடைய பெருமையில் சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீரை வீணாக்குகிற காலமா அது? ஆறியதும் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரத்து வாழைக்கு ஊற்றினாள்.

மறுநாள் சேதி தெரிந்து அப்பாதுரையும் பங்காளிகளும் வேனில் வந்தார்கள். பதினோரு வருடமாக வேங்கிக்கால் பக்கம் தலைகாட்டாதவர்கள், மண்டி யாருக்கு என்று தெரிந்தாக வேண்டுமே. அண்ணன் எங்கே என்று கேட்டதற்குக் கஸ்தூரி வாழையைக் காட்டினாள். கொண்டுவந்த மாலையை அவர்கள் வாழைக்குப் போட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் வாழையிடம் கிணற்று விஷயத்தை ஞாபகப்படுத்தினார். பிறகு அப்பாதுரை எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீரோடு வந்து கஸ்தூரி முன்னால் நின்றான்.

"அண்ணி, வாங்க, வந்து தலைக்கு ஊத்திக்குங்க. மொறைனு ஒண்ணு இருக்குதுல்ல?"

கஸ்தூரி குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் காலையிலயே குளிச்சிட்டேன்," என்றாள்.

"இன்னா அண்ணி, அண்ணன் போயிட்டாரு..."

"ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கொடத்தை வெச்சிட்டுப் போங்க, கொழந்தைக்கு ஆவும்."

குடத்தை வைத்துவிட்டுத்தான் போனார்கள். மாறன் வீட்டு வாசலை மிதித்த தோஷத்துக்குக் கீழ்பென்னாத்தூர் கிணற்றடியில் வரிசையாக நின்று, கொதிக்கிற தண்ணீரில் ஆளுக்கொரு சோப்பு கரையத் தேய்த்துக் குளித்தார்கள். அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூர் டெய்லர் கோபியிடம் அவர்கள் சட்டைகள் வந்தன, தோள்பட்டையில் அரை அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டும் என்று. கோபி காரணம் கேட்கவில்லை. வேணுவுக்கும் அவன்தான் முதலில் சட்டை பிடித்துத் தைத்தவன், இதற்கெல்லாம் தனி ரேட்டே வைத்திருந்தான்.

கஸ்தூரி வேங்கிக்காலிலேயே தங்கிவிட்டாள். வெந்நீர்க் குண்டானை மேடைமேல் தள்ளி வைக்கப் பழகிக்கொண்டாள். தினம் ஒரு முறை, முழங்கையால் சூடு பார்த்து, கழுத்துக்குக் கீழே கை கொடுத்துப் பேத்தியைக் குளிப்பாட்டினாள். குளித்த தண்ணீர் வாழைக்குப் போயிற்று. வாழை தார் போட்டது, பழத்தில் லேசாகச் சோப்பு வாசனை இருந்ததால் ஆட்டுக்குப் போட்டார்கள். ஆடி மாதம் பிறப்பதற்குள் கவிநிலாவுக்குச் சட்டையெல்லாம் சின்னதாகிவிட்டது, மாறன் போய்ப் பெரிய அளவில் இரண்டு வாங்கி வந்தான்.